ரோஜாப் போர்களின் பட்டத்தரசி மார்கரெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து அரசர் ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அந்த ஓநாய் ராணியா?" என்றுதான் பலர் கேட்கிறார்கள். அந்தப் பட்டத்தைத் தாண்டி அவர் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மார்கரெட் யார்?

1430 மார்ச் 23 அன்று லொரேன் நாட்டில் பிறந்த பிரெஞ்சு இளவரசி. அப்பா ஆஞ்சூ கோமகன் ரெனே. 15 வயதில் இங்கிலாந்தின் பட்டத்தரசி ஆனார். தமிழில் நாட்டை ஆள்பவரையும் ராணி என்கிறோம், ஆள்பவரின் மனைவியையும் ராணி என்கிறோம். மார்கரெட் இரண்டாம் வகை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பட்ட பாடெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரோஜாப் போர்கள் என்றால் என்ன சண்டை?

பங்காளிச் சண்டைதான். மூன்றாம் எட்வர்டு மன்னருக்குப் பிள்ளைகள் பலர். அவர்களில் ஒருவர் லங்காஸ்டர் கோமகன் ஜான். இவருடைய மகன் 1399இல் தன் பெரியப்பா மகன் இரண்டாம் ரிச்சர்டை இறக்கிவிட்டு, நான்காம் ஹென்றியாக முடிசூடிக்கொண்டார். அவருடைய பேரன்தான் நம் ஆறாம் ஹென்றி. யார்க் குடும்பத்தார், தந்தை வழியில் ஜானுடைய தம்பியின் வாரிசுகள். தாய் வழியில் ஜானுக்கு அண்ணன் ஒருவரின் வாரிசுகள். தாய் வழியை எடுத்துக்கொண்டால் சிம்மாசனம் அவர்களுக்கு, எடுத்துக்கொள்ளாவிட்டால் ஹென்றிக்கு.

உள்நாட்டில் இப்படி ஒரு வழக்கு தூங்கிக்கொண்டிருந்தது. அரசர் பலவீனமானதும் அது எழுந்துகொண்டது. 'ரோஜாப் போர்கள்' என்ற பெயர் பிற்காலத்தில் வந்தது. போரிட்டவர்கள் அப்படிச் சொன்னதில்லை.

அவருடைய பிறந்த வீடு எப்படிப்பட்டது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கோ இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று தோன்றும்.

மார்கரெட்டுக்கு ஒரு வயது முடிந்த சில மாதங்களில், 1431இல், அப்பா ரெனே போரில் தோற்றுப் பர்கண்டிக் கோமகன் ஃபிலிப்பின் கைதியானார். நடுவில் சிறிது காலம் வெளியே இருந்தாலும் முழு விடுதலை 1437இல்தான் கிடைத்தது. அந்த வருடங்களில் வீட்டை யார் நடத்தியது? அம்மா இசபெல்தான். லொரேன் நாட்டின் வாரிசு அவர். கணவர் சிறையில் இருந்தபோது நாட்டைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் 1435இல் கணவருக்கு நேப்பிள்ஸ் அரசுரிமை வந்து சேர்ந்ததும், இத்தாலிக்கே போய் அவர் சார்பில் அதற்காகப் போராடினார்.

அம்மா ஊரில் இல்லாத காலத்தில் மார்கரெட்டை வளர்த்தவர் அப்பாவின் தாய் யோலாண்ட். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆங்கிலேயர் பிரான்சின் பாதியைப் பிடித்திருந்த காலத்தில், தன் மருமகன் ஏழாம் சார்லஸைத் தாங்கிப் பிடித்தவர். ஜோன் ஆஃப் ஆர்க் வந்தபோது அவர் பக்கம் நின்றவர்.

ஆக, ஆண் இல்லாத நேரத்தில் பெண் எழுந்து நின்று உரிமையைக் காப்பாற்றுவது மார்கரெட் பார்த்து வளர்ந்த குடும்ப வழக்கம். பிற்பாடு இங்கிலாந்தில் அவர் செய்ததும் அதையேதான். ஆஞ்சூவில் பாட்டிக்கும் அம்மாவுக்கும் பெருமை தந்த காரியம், புகுந்த வீட்டில் இவருக்குப் பழியாக வந்தது.

கல்யாணம் எப்படி நடந்தது? சீர் எவ்வளவு கொண்டுவந்தார்?

1444 மே மாதம் டூர் நகரில் போர் நிறுத்தம் பேசி முடித்தார்கள். அதோடு சேர்ந்து வந்தது இந்தச் சம்பந்தம். ஹென்றிக்குப் பதிலாக சஃபோக் பிரபு மாப்பிள்ளை இடத்தில் நின்றார். மணப்பெண் ஏழாம் சார்லஸ் மன்னருக்கு மகள் அல்ல, அவருடைய மனைவியின் தம்பி மகள். சீர் என்று வந்ததும் அற்பம்தான். மாறாக, மாப்பிள்ளை வீடு கொடுக்க வேண்டியதாயிற்று: மேன் என்ற பகுதியைப் பிரான்சுக்குத் திருப்பித் தர 1445 டிசம்பரில் ஹென்றி எழுத்தில் வாக்குக் கொடுத்தார். சார்லஸுக்கு மார்கரெட்டும் அதற்காகக் கடிதம் எழுதினார். ஊரார் இதை மறக்கவே இல்லை.

1445 ஏப்ரலில் கப்பலில் வந்து இறங்கியபோது பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. ஏப்ரல் 23 அன்று டிச்ஃபீல்ட் மடத்தில் கல்யாணம், மே 30 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு. ஹென்றிக்கு அப்போது 23 வயது. மிலான் நகரத்துக் கடிதம் ஒன்றில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. பெண்ணை முன்கூட்டியே பார்க்க ஆசைப்பட்ட ஹென்றி, வேலையாள் வேடத்தில், "ராஜா கொடுத்தனுப்பிய கடிதம்" என்று ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அவர் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை மண்டியிட்டபடியே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். உண்மை தெரிந்ததும், ராஜாவை மண்டியிட வைத்துவிட்டோமே என்று மார்கரெட்டுக்குச் சங்கடம். நடந்ததோ இல்லையோ, ஹென்றியின் கூச்ச சுபாவத்துக்கு இது பொருந்திப்போகிறது.

பட்டத்தரசிக்கு அன்றாடம் என்ன வேலை?

அவருடைய கடிதங்கள் நிறையவே கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை சிபாரிசுக் கடிதங்கள்: தன் வேலைக்காரருக்கு இன்ன பெண்ணைக் கட்டிக்கொடுங்கள், இவருக்கு இந்தப் பதவியைத் தாருங்கள், என் வேட்டைக் காட்டில் யாரையும் மான் சுட விடாதீர்கள். படிக்கும்போது ஒரு பெரிய வீட்டின் தலைவி கண்முன் வருகிறார். தன்னை அண்டியவர்களுக்கு ஆளாளுக்கு வழி செய்து கொடுக்கிறார். ஆண்டுக்கு 10,000 மார்க், அதாவது ஏறக்குறைய 6,667 பவுண்டு, அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். கஜானா காலியாக இருந்ததால் அதை வசூலிப்பதே தனிப் பாடு.

கல்லூரி கட்டினார் என்கிறார்களே?

ஆமாம். 1448இல் கேம்பிரிட்ஜில் குவீன்ஸ் கல்லூரியை நிறுவினார். அப்போது அவருக்கு 18 வயது. ராஜாவிடம் கொடுத்த மனுவில், பெண்குலத்துக்குப் பெருமை சேரும் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார். பின்னர் யார்க் அணியின் அரசர் நான்காம் எட்வர்டின் மனைவி எலிசபெத் வுட்வில் அதே கல்லூரிக்குப் புரவலர் ஆனார். எதிரெதிர் அணிகளின் இரண்டு ராணிகளும் சேர்ந்ததால்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயரை இன்றும் 'ராணிகளின் கல்லூரி' என்று பன்மையில் எழுதுகிறார்கள்.

ராஜாவுக்கு என்னதான் ஆனது?

1453 ஜூலையில் காஸ்டியோன் போரில் ஆங்கிலேயர் தோற்றார்கள். பிரான்சில் அவர்களுக்கு மிஞ்சியது கலே துறைமுகமும் அதைச் சுற்றிய பகுதியும்தான். ஆகஸ்டில் ஹென்றி திடீரென்று செயலற்றுப் போனார். பேச்சில்லை, யாரையும் அடையாளம் தெரியவில்லை. மார்கரெட் அப்போது நிறைமாதக் கர்ப்பிணியாகும் நிலையில் இருந்தார். எட்டு வருடமாகக் காத்திருந்த பிள்ளை எட்வர்டு, அக்டோபர் 13 அன்று பிறந்தான்.

1454 ஜனவரியில் வின்ட்சரில் நடந்ததை ஒரு செய்திக் கடிதம் சொல்கிறது. பக்கிங்காம் கோமகன் குழந்தையைத் தூக்கிக் காட்டி ஆசீர்வதிக்கச் சொன்னார். பதில் இல்லை. பிறகு மார்கரெட்டே குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு போய்க் கேட்டார். ஹென்றி ஒருமுறை குழந்தையைப் பார்த்தார், மறுபடி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவ்வளவுதான். மூன்று மாதக் குழந்தையோடு அந்த அறையிலிருந்து திரும்பிய அந்தப் பெண்ணுக்கு 23 வயது.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹென்றி தெளிந்தார். டிசம்பர் 30 அன்று மார்கரெட் பிள்ளையைக் கொண்டுவந்து காட்ட, "பெயர் என்ன?" என்று கேட்டார். எட்வர்டு என்றதும் இரு கைகளையும் உயர்த்திக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

பிள்ளை ஹென்றிக்குப் பிறந்தவன்தானா?

யார்க் அணி கிளப்பிவிட்ட வதந்திக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஹென்றி தன் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டார். பெண்ணை அரசியலில் சாய்க்க ஒழுக்கத்தைத் தாக்குவது அன்றைக்கும் சுலபமான வழியாக இருந்தது.

ஆட்சியைத் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டாரா?

கேட்டார். அதுவும் எழுத்து மூலமாக, ஐந்து அம்சங்களாக. நாட்டின் முழு நிர்வாகம், உயர் அதிகாரிகளை நியமிக்கும் உரிமை, ஆயர் பதவிகளை வழங்கும் உரிமை, அரசருக்கும் மகனுக்கும் தனக்கும் போதிய வருமானம் எல்லாம் அதில் இருந்தன. பிரான்சில் இது புதுமையில்லை. 13ஆம் நூற்றாண்டில் பிளான்ச் என்ற ராணி, சிறுவனாயிருந்த மகன் ஒன்பதாம் லூயிக்காக நாட்டை ஆண்டிருக்கிறார். இங்கிலாந்தில் கதை வேறு. இதே ஹென்றி ஒன்பது மாதக் குழந்தையாக அரசரானபோது, அவருடைய தாய் கேத்தரினை ஒதுக்கிவிட்டுச் சித்தப்பாக்களும் பிரபுக்களும்தான் ஆண்டார்கள். கேத்தரினும் பிரெஞ்சுக்காரர்தான்.

1454 மார்ச்சில், அரசருக்குப் பதிலாக நாட்டைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் பதவி யார்க் கோமகன் ரிச்சர்டுக்குப் போனது. என் பார்வையில் பகை முற்றியது இங்கேதான். தன் பிள்ளைக்கு அடுத்து சிம்மாசனத்துக்கு மிக நெருக்கத்தில் நிற்கும் மனிதனின் கையில் கணவரும் நாடும். எந்தத் தாய் தூங்குவாள்?

அப்படியானால் போரைத் தொடங்கியது யார்?

முதலில் வாளெடுத்தது யார்க் அணி. 1455 மே 22 அன்று செயின்ட் ஆல்பன்ஸ் தெருக்களிலேயே சண்டை நடந்து, மார்கரெட் நம்பியிருந்த சாமர்செட் கோமகன் கொல்லப்பட்டார். மார்கரெட் அங்கே இல்லை. 1456இல் அவர் அரசவையை லண்டனிலிருந்து கவென்ட்ரி, கெனில்வொர்த் பக்கம் கொண்டுபோனார். அங்கே அவருக்கு ஒதுக்கிய நிலங்கள் இருந்தன, ஆள் திரட்ட முடிந்தது. 1458இல் ஹென்றி ஏற்பாடு செய்த சமாதான நாளில் மார்கரெட்டும் யார்க்கும் கைகோத்துக்கொண்டு செயின்ட் பால் தேவாலயத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். அடுத்த வருடமே மீண்டும் போர்.

1459 நவம்பரில் கவென்ட்ரியில் கூடிய பார்லிமென்ட் யார்க் குடும்பத்தைத் துரோகிகள் என்று அறிவித்து, சொத்து முழுவதையும் பறித்தது. மார்கரெட்டை நேசிக்கிற நானும் இதைத் தவறு என்றே சொல்வேன். இழக்க எதுவும் இல்லாத எதிரியை உருவாக்கிவிட்டார்கள்.

ஹென்றி தன் மகனையே ஒதுக்கிவிட்டாரா?

ஆமாம். 1460 ஜூலையில் நார்தாம்டன் போரில் எதிரிகளிடம் பிடிபட்டார். அக்டோபரில் ஓர் ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டார்: தான் உயிரோடு இருக்கும்வரை தான் அரசர், தனக்குப் பிறகு யார்க். ஏழு வயது மகனின் பெயரே அதில் இல்லை. மார்கரெட் அதற்குள் மகனோடு வேல்ஸுக்குத் தப்பியிருந்தார். வழியில் சொந்த ஆட்களே அவர் நகைகளைக் கொள்ளையடித்தார்கள். ஹார்லெக் கோட்டையை அடைந்து, அப்புறம் ஸ்காட்லாந்துக்குப் போனார். அங்கும் ஒரு விதவை ராணிதான் மகனுக்காக ஆண்டுகொண்டிருந்தார். உதவிக்கு விலையாக பெரிக் நகரத்தைக் கொடுக்க மார்கரெட் சம்மதித்தார்.

யார்க்கின் தலைக்குக் காகிதக் கிரீடம் சூட்டியது மார்கரெட்டா?

இல்லை. 1460 டிசம்பர் 30 அன்று வேக்ஃபீல்டில் யார்க் கொல்லப்பட்டபோது மார்கரெட் ஸ்காட்லாந்தில் இருந்தார். யார்க் நகர வாசலில் தலையைக் காகிதக் கிரீடத்தோடு வைத்தார்கள் என்ற செய்தி அன்றே பரவியது. அதைச் செய்த கை அவருடையது என்பது பின்னால் ஒட்டவைத்தது.

வெற்றி கையில் இருந்தும் லண்டனை ஏன் இழந்தார்?

1461 பிப்ரவரி 17 அன்று செயின்ட் ஆல்பன்ஸில் நடந்த இரண்டாம் போரில் அவருடைய படை வென்றது. கணவரும் திரும்பக் கிடைத்தார். லண்டன் ஒரு நாள் நடை தூரம்தான். ஆனால் வடநாட்டுப் படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை; வரும் வழியெல்லாம் சூறையாடிக்கொண்டே வந்தார்கள். அந்தச் செய்தி அவர்களுக்கு முன்பே லண்டனுக்குப் போய்விட்டது. அவருக்கு அனுப்பிய உணவு வண்டிகளை நகரவாசிகள் வாசலிலேயே மறித்தார்கள். நகரத்தார் சார்பில் கெஞ்ச மூன்று சீமாட்டிகள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜாக்கெட்டா. 1445இல் மணப்பெண் மார்கரெட்டை இங்கிலாந்துக்கு அழைத்துவந்தவர்களில் ஒருவர். அவருடைய மகள்தான் நான் மேலே சொன்ன எலிசபெத் வுட்வில்.

மார்கரெட் நகரத்தைத் தாக்காமல் வடக்கே திரும்பினார். பயந்துவிட்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். லண்டன் கொள்ளை போகக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது என்றே நினைக்கிறேன். அந்த இடைவெளியில் யார்க்கின் மகன் உள்ளே நுழைந்து, மார்ச் 4 அன்று நான்காம் எட்வர்டு என்று அறிவித்துக்கொண்டார். மார்ச் 29, குருத்து ஞாயிறு. டௌட்டனில் கொட்டும் பனியில் நடந்த போரில் லங்காஸ்டர் படை நொறுங்கிப்போனது.

நாடிழந்த பிறகு எப்படி வாழ்ந்தார்?

ஸ்காட்லாந்து, பிரான்ஸ், மறுபடி வட இங்கிலாந்தின் கோட்டைகள் என்று அலைந்தார். 1462இல் கலே துறைமுகத்தை ஈடு வைத்துப் பதினோராம் லூயியிடம் 20,000 லிவ்ர் கடன் வாங்கினார். 1463இல் எல்லாம் தோற்று, ஃபிளாண்டர்ஸில் கரையேறினார். உதவி கேட்டுப் போனது யாரிடம் தெரியுமா? தன் அப்பாவைச் சிறை வைத்த அதே பர்கண்டிக் கோமகன் ஃபிலிப்பிடம்.

அந்த அரசவையின் சரித்திரக்காரர் ஷாட்டலேன், அவர் பட்ட துன்பங்களை எழுதிவைத்திருக்கிறார். ராஜா, ராணி, பிள்ளை மூவரும் ஐந்து நாள் ஒரே ஒரு ஹெர்ரிங் மீனை வைத்துக் காலம் தள்ளினார்களாம். திருப்பலியில் காணிக்கை போட மார்கரெட்டிடம் காசில்லை. ஒரு ஸ்காட்லாந்து வில்லாளியிடம் கடன் கேட்க, அவனும் மனசில்லாமல்தான் எடுத்துக் கொடுத்தானாம்.

அடுத்த ஏழு ஆண்டுகள் அப்பாவுக்குச் சொந்தமான கேர் என்ற சிறு கோட்டையில் கழிந்தன. கூட ஏறக்குறைய ஐம்பது விசுவாசிகள். முன்னாள் தலைமை நீதிபதி ஜான் ஃபார்ட்டெஸ்கியூ அங்கேயே இளவரசனுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். வறுமையில் இருந்தாலும் ராணி எங்களுக்குச் சாப்பாடு போடுகிறார் என்று அவர் எழுதிய வரியைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

பரம எதிரி வாரிக்கோடு எப்படிச் சேர்ந்தார்?

நான்காம் எட்வர்டை அரசராக்கிய வாரிக் பிரபு, அவரோடு சண்டைபோட்டுப் பிரான்சுக்கு ஓடிவந்தார். பதினோராம் லூயி நடுவில் நின்று இருவரையும் சேர்த்துவைத்தார். 1470 ஜூலையில் ஆஞ்சே நகரில் வாரிக் கால் மணி நேரம் மண்டியிட்ட பிறகே மார்கரெட் மன்னித்தார் என்கிறார்கள். இளவரசனுக்கு வாரிக்கின் மகள் ஆன் என்பவரைக் கட்டிவைத்தார்கள். அக்டோபரில் வாரிக் லண்டனைப் பிடித்து, ஐந்து வருடமாக லண்டன் டவர் சிறையில் இருந்த ஹென்றியை மீண்டும் அரசராக்கினார்.

டியூக்ஸ்பரியில் என்ன நடந்தது?

1471 மார்ச்சில் கப்பல் ஏறத் தயாரானார்கள். காற்று விடவில்லை. மூன்று வாரம் பிரான்சின் கரையிலேயே காத்துக் கிடந்தார்கள். ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு மாலை, வேமௌத்தில் இறங்கினார். அதே நாள் காலையில் பார்னெட்டில் வாரிக் போரில் செத்துவிட்டிருந்தார்.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. வேல்ஸில் இருந்த, ஹென்றியின் தாய் வழித் தம்பி ஜாஸ்பர் டியூடரோடு சேர, செவர்ன் ஆற்றைக் கடக்க வேண்டும். குளோஸ்டர் நகரத்தில் பாலம் உண்டு. மே 3 அன்று அங்கே போனபோது அந்த நகரமும் கதவைச் சாத்தியது. லண்டனுக்குப் பிறகு இது இரண்டாவது கதவு. நாள் முழுக்க நடந்து களைத்த படை, டியூக்ஸ்பரியில் எதிரியிடம் மாட்டியது. மறுநாள் போரில் இளவரசன் எட்வர்டு கொல்லப்பட்டான். வயது 17. சில நாள் கழித்து, அருகில் ஓர் எளிய துறவு மடத்தில் ஒளிந்திருந்த மார்கரெட்டைப் பிடித்தார்கள்.

மே 21 அன்று வெற்றி ஊர்வலத்தில் அவரை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிரவே டவரில் ஹென்றி இறந்துபோனார். கணவனும் மனைவியும் ஒரே நகரத்தில் இருந்தார்கள். பார்க்க விட்டார்கள் என்று எந்தக் குறிப்பும் சொல்லவில்லை.

அவரை ஏன் கொல்லவில்லை?

மகன் போன பிறகு அவரால் யாருக்கும் ஆபத்தில்லை. கணவருக்காகவும் மகனுக்காகவும் பேசியதுதான் அவருடைய அதிகாரம் முழுவதும். இருவரும் போனதும் அது தீர்ந்துவிட்டது. சில காலம் வாலிங்ஃபோர்டில், சஃபோக்கின் விதவை ஆலிஸின் காவலில் இருந்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பதிலாக நின்ற அதே சஃபோக்கின் மனைவி. தெரிந்த முகம் ஒன்றாவது பக்கத்தில் இருந்ததே என்று ஆறுதல்பட்டுக்கொள்கிறேன்.

1475இல் பதினோராம் லூயி 50,000 கிரௌன் பிணைப்பணம் தர ஒப்புக்கொண்டு, மறுவருடம் ரூவானில் அவரைப் பெற்றுக்கொண்டார். பணத்தைச் சும்மா கொடுக்கவில்லை. அப்பா, அம்மா வழியில் வரவேண்டிய எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார். ஆஞ்சே பக்கத்தில் அப்பாவின் நிழலில் சில ஆண்டுகள். 1480இல் ரெனேயும் இறந்த பிறகு, சோமூர் அருகே டாம்ப்பியேர் ஊரில் குடும்பத்துக்கு விசுவாசமான ஒருவர் வீட்டில் தங்கினார். 1482 ஆகஸ்ட் 25 அன்று அங்கேயே இறந்தார். வயது 52.

உயிலில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. இருப்பதை விற்றுக் கடனை அடைக்கவும், போதாவிட்டால் மன்னர் கொடுத்து உதவவும் கேட்டிருந்தார். அவர் சாகக் கிடந்த அந்த மாதம் லூயி ஒரு சீமாட்டிக்குக் கடிதம் எழுதினார். மார்கரெட்டின் வேட்டை நாய்கள் அத்தனையையும் தனக்கு அனுப்ப வேண்டும், தனக்குக் கிடைக்கப்போவது அது ஒன்றுதான் என்று.

'ஓநாய்' பட்டம் யார் கொடுத்தது?

ஷேக்ஸ்பியர். மார்கரெட் இறந்து நூறு ஆண்டு கழித்து எழுதிய நாடகத்தில், யார்க் கோமகன் பேசும் வசனம் அது. அதே நாடகக்காரர் இன்னொரு நாடகத்தில் மூன்றாம் ரிச்சர்டின் காலத்து அரண்மனையில் அவரை நடமாட விட்டு, சாபம் கொடுக்க வைக்கிறார். ரிச்சர்ட் முடிசூடிய 1483இல் மார்கரெட் உயிரோடு இல்லை.

அவர் தொடர்பாக இன்று பார்க்க என்ன இருக்கிறது?

ஆஞ்சே தேவாலயத்தில் பெற்றோரோடு புதைத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் அந்தக் கல்லறை அழிந்துபோனது. டியூக்ஸ்பரி தேவாலயத் தரையில் மகனுக்கு ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்தில் ஜான் டால்பட் என்ற தளபதி அவருக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்த பெரிய ஓவியப் புத்தகம் இருக்கிறது. அதன் முதல் படத்தில் டால்பட் மண்டியிட்டு நூலை நீட்டுகிறார், 15 வயது ராணி ஹென்றியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பிரெஞ்சில் டெய்சிப் பூவுக்கும் மார்கரெட் என்றுதான் பெயர். அதனால் பக்கத்தின் ஓரங்களில் அந்தப் பூவை வரைந்து நிரப்பியிருக்கிறார்கள்.